மேக்கப் பிரஷ்: எதில் காசைப் போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

மேக்கப் பிரஷ் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது விலையை. அடுத்து, செட்டில் எத்தனை பிரஷ் இருக்கிறது என்று எண்ணுவார். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் முகத்தில் போடுவது திரவமா, கிரீமா, பவுடரா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் கடையில் இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்துவிடும். மீதியில் விலை ஏற ஏற வேலையும் நேர்த்தியாகிற பிரஷ்கள் சில உண்டு. எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஒரே வேலையைச் செய்கிறவையும் உண்டு. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அலசல்.

சிந்தெட்டிக்கா, விலங்கு முடியா?

விலங்கு முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருக்கும். பவுடர் அந்தச் செதில்களில் ஒட்டிக்கொண்டு, தோலில் தடவும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கன்னச் சிவப்பு திட்டாக நிற்காமல் பரவலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நைலான், டாக்லான், பிபிடி போன்ற செயற்கை இழைகள் வழுவழுப்பானவை. பவுடரை அவ்வளவாகப் பிடித்து வைக்காது, ஆனால் திரவத்தை உறிஞ்சவும் செய்யாது. ஆட்டு முடி பிரஷில் ஃபவுண்டேஷனைத் தொட்டால் நல்ல பங்கு பிரஷுக்குள்ளேயே போய்விடும். அதைப் போக்க அடிக்கடி கழுவ வேண்டும், கழுவக் கழுவ முடி வறண்டு சொரசொரப்பாகும். ஆகவே திரவமும் கிரீமும் என்றால் சிந்தெட்டிக், யோசிக்கவே வேண்டாம்.

பவுடர் என்று வரும்போதுதான் போட்டி. முன்பெல்லாம் விலை குறைந்த செயற்கை பிரஷ் விறைப்பாகத்தான் இருக்கும். இப்போது இழையின் முனையைக் கூராக்குகிறார்கள், பவுடர் தங்குவதற்காக இழையை நெளிநெளியாகவும் செய்கிறார்கள். இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது. கண்ணுக்கான பிரஷ்களில் பெயர் பெற்ற மேக் நிறுவனத்தின் 217, ஒரு காலத்தில் ஆட்டு முடியில் வந்தது. இப்போது 217எஸ் என்ற பெயரில் செயற்கை இழையில் வருகிறது. வழக்கமான ஐஷேடோவுக்கு அது போதும் என்பது என் கருத்து. அடர்நிற மேட் ஷேடோவின் ஓரத்தைப் புகை போலக் கலைக்க வேண்டும் என்றால் மட்டும் ஆட்டு முடி இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது.

விலங்கு முடியிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆட்டு முடி உறுதியானது, நிறத்தை நன்றாக அள்ளும், அளவாகக் கழுவினால் தாங்கும். அணில் முடி அதைவிட மிக மென்மை, விலையும் அதிகம். ஆனால் அது நிறத்தை மெலிதாகத்தான் எடுக்கும். இறுக்கமாக அழுத்திச் செய்த ப்ளஷில் அணில் முடி பிரஷைத் தேய்த்தால் ஒன்றுமே வராது, பாவம் பிரஷைத்தான் குறை சொல்வோம். அதே பிரஷை நிறம் தூக்கலான, பட்டாலே ஒட்டிக்கொள்கிற ப்ளஷுக்குப் பயன்படுத்திப் பாருங்கள், கை தவறி அதிகமாகப் போய்விடும் பயமே இருக்காது. விலை உயர்ந்தது உங்கள் ப்ளஷுக்கும் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இந்த ரகங்களுக்கு ஏன் அவ்வளவு விலை? ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் குமானோ என்றொரு சிற்றூர். எழுத்தோவியத்துக்கான தூரிகைகளில் தொடங்கிய ஊர் அது. அந்த நாட்டுத் தூரிகை உற்பத்தியில் சுமார் 80 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. உயர்ரக மேக்கப் பிரஷ்களுக்குப் பெயர் பெற்ற ஹாகுஹோடோவும் அந்த ஊர் நிறுவனம்தான். 2011இல் மகளிர் உலகக் கோப்பை கால்பந்தில் வென்ற ஜப்பான் அணிக்கு அரசு மக்கள் கௌரவ விருது அளித்தபோது, நினைவுப் பரிசாகக் கொடுத்தது குமானோ மேக்கப் பிரஷ்களை. அங்கே முடியை வெட்டி வடிவம் கொண்டுவருவதில்லை. முடியின் இயற்கையான நுனி அப்படியே இருக்கும்படி அடுக்கி, அச்சில் இட்டுக் கையால் வடிவமைக்கிறார்கள். மலிவான பிரஷில் கத்தரித்து வட்டமாக்கிவிடுவார்கள். வெட்டுப்பட்ட முனைகள்தான் கன்னத்தில் குத்துகின்றன. நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த நுனிக்குத்தான்.

விலங்கு முடி வேண்டாம் என்று கொள்கையாக வைத்திருப்பவர்களும், அது ஒத்துக்கொள்ளாதவர்களும் இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடலாம். பெரிய இழப்பு எதுவும் இல்லை.

ஃபவுண்டேஷனுக்கு: பிரஷ், ஸ்பாஞ்ச், விரல்

விரலுக்குச் செலவு இல்லை. உடல் சூட்டில் கிரீம் இளகி நன்றாகப் பரவும். லேசான பூச்சு போதும் என்பவர்களுக்கு வேறெதுவும் வேண்டாம், கையைக் கழுவிவிட்டுத் தொடங்கினால் சரி.

ஈரமான ஸ்பாஞ்ச் தோலோடு தோலாக மிக இயல்பான பூச்சைத் தரும். இதில் மூன்று கருவிகளிலும் அதை வெல்ல ஆளில்லை. சிக்கல் இரண்டு. ஒன்று, ஃபவுண்டேஷனை அது குடிக்கும். இரண்டாவது சுத்தம். பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டில் இருந்த அழகுசாதனங்களைச் சோதித்தபோது கிருமிகள் அதிகமாக இருந்தது பிளெண்டர் ஸ்பாஞ்சில்தான். அவற்றில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. ஈரமாகவே இருக்கும் பொருள், உள்ளே காய்வதும் இல்லை. வேறென்ன நடக்கும்? ஸ்பாஞ்ச் பிடித்திருந்தால் ஒவ்வொரு முறையும் கழுவிக் காற்றில் காய விடுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்தத் தொடர்செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஸ்பாஞ்ச் அவ்வளவு மலிவில்லை.

தலை தட்டையாகவும் இழை நெருக்கமாகவும் இருக்கும் பஃபிங் பிரஷ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வேகமாக வேலை முடியும், தழும்பு மறையும், கழுவவும் எளிது. பெயின்ட் பிரஷ் மாதிரி பட்டையாக வரும் பழைய வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கோடு கோடாக விழும். இந்த ஒரு பிரஷுக்கு அதிகம் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்ஃப், ரியல் டெக்னிக்ஸ் போன்ற சிக்கன பிராண்டுகளின் பஃபிங் பிரஷுக்கும் பல மடங்கு விலையுள்ள ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் பிடியில்தான் அதிகம் தெரியும்.

குறைந்த பட்ஜெட், நடு பட்ஜெட், தாராளம்

கையில் காசு குறைவு என்றால் மூன்று போதும். ஒரு பஃபிங் பிரஷ், பவுடருக்கும் ப்ளஷுக்கும் பொதுவாக ஒரு நடுத்தர அளவுப் புசுபுசு பிரஷ், கண்ணுக்கு, ஷேடோவின் ஓரத்தைக் கலைக்கும் பிளெண்டிங் பிரஷ் ஒன்று. மூன்றையும் தனித்தனியாகவே வாங்குங்கள். பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று அடுக்கி வரும் செட்டுகளில் விசிறி பிரஷ், லிப் பிரஷ், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத நான்கைந்து தட்டைப் பிரஷ்கள் என்று எண்ணிக்கையை நிரப்புகிறவைதான் அதிகம். புருவம் சீவ, தீர்ந்துபோன மஸ்காராவின் குச்சியைச் சுத்தமாகக் கழுவி வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து பிரஷ் மட்டும் உள்ள சிறிய செட்டில் எல்லாமே உங்களுக்குப் பயன்படும் என்றால் அதை வாங்குவதில் தவறில்லை.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் அந்தப் பணம் கண்ணுக்குப் போகட்டும். இமை சிறிய இடம், தோலும் மெல்லியது. பிரஷின் அளவும் நுனியும் கொஞ்சம் பிசகினாலும் பளிச்சென்று தெரியும். மலிவு செட்டுகளில் வரும் பிளெண்டிங் பிரஷ் பெரும்பாலும் அளவில் பெரிது. இமை மடிப்பு உள்ளே மறைந்திருப்பவர்களுக்கும் சின்னக் கண்களுக்கும் அது புருவம் வரை நிறத்தை ஏற்றிவிடும், 217 அளவேகூடச் சிலருக்கு அதிகம். சிறிய கூம்பு வடிவ பிரஷ் ஒன்றும் பென்சில் முனை பிரஷ் ஒன்றும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால்? ஒரே ஒரு நல்ல ப்ளஷ் பிரஷ், கையால் செய்த ஆட்டு முடியில். அதை மட்டும் வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே பிராண்டில் முழு வரிசையையும் வாங்குவது மேசைக்கு அழகு, அவ்வளவுதான்.

எந்த விலையானாலும் வாங்கும் முன் முடியை லேசாக இழுத்துப் பாருங்கள். புது பிரஷில் ஓரிரண்டு முடி உதிர்வது சகஜம், கொத்தாக வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். முடியையும் பிடியையும் இணைக்கும் உலோகக் குழல் பிடியில் ஆடக் கூடாது.

பருத் தோலும் தொழில்முறைக் கலைஞரும்

பரு வரும் தோல் என்றால் பிரஷின் தரத்தைவிடக் கழுவும் பழக்கம்தான் பெரிது. 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். வெதுவெதுப்பான நீர், மென்மையான ஷாம்பு போதும். குழலுக்குள் நீர் இறங்கினால் பசை இளகிவிடும், அதனால் நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்து, தலை மேசை விளிம்புக்கு வெளியே இருக்கும்படி காய விடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று வேண்டும் அல்லவா? ஆகவே இவர்களுக்கு விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டு மேல்.

மற்றவர்களுக்கு மேக்கப் போடும் கலைஞருக்கும் இதே கணக்கு, இன்னும் பெரிய அளவில். ஒவ்வொருவருக்கும் சுத்தமான பிரஷ் வேண்டும், நடுவில் ஆல்கஹால் கலந்த கிளீனரில் துடைக்க வேண்டும். அந்த அடியைச் செயற்கை இழை தாங்கும், அணில் முடி தாங்காது. நடுத்தர விலையில் ஒரே பிரஷ் நான்கைந்து வைத்திருப்பதுதான் அவர்களுக்குத் தோது. பிடியும் நீளமாக இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்காமல் தள்ளி நின்று போடலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்பவருக்கு, அதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவு நெருங்கி நிற்கும் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு, அந்த நீளப் பிடி ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் இடிக்கும். குட்டைப் பிடி உள்ளதாகத் தேடி வாங்குங்கள்.