.315 என்று விற்ற பழைய பட்டாள ரைபிள்: சேம்பரை அளக்காமல் சுட வேண்டாம்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் ஒருவருக்கு, முறையான லைசென்ஸின் பேரில், .315 (தோட்டா வகையைக் குறிக்கும் எண்) ஸ்போர்ட்டிங் ரைபிள் என்று சொல்லி ஒரு பழைய துப்பாக்கி விற்கப்பட்டது. பில்லில் .315, லைசென்ஸில் .315, பேரலிலும் (குழலிலும்) அதே எண் குத்தியிருந்தது. விற்றவர் ஒரு தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்) விட்டு, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைப் பூட்டிக் காட்டினார். "பூட்டுதுல்லா, பொறவு என்ன?"

மூன்றாவது குண்டோடு போல்ட் இறுகிவிட்டது. மரச்சுத்தியலால் தட்டித்தான் திறக்க முடிந்தது. திரும்பக் கொண்டுபோனபோது வந்த பதில்: "மழைக்காலம், தோட்டா ஈரம் பிடிச்சிருக்கும்." இது சுத்தப் பொய். ஈரம் பிடித்த மருந்து மந்தமாக எரியும், இல்லையென்றால் வெடிக்கவே வெடிக்காது, போல்ட்டை இறுக்காது. போல்ட்டை இறுக்குவது மிதமிஞ்சிய அழுத்தம். வெளியே வந்த மூன்று காலித் தோட்டாக் கூடுகளிலும் ப்ரைமர் (அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) நசுங்கித் தட்டையாகியிருந்தது. கழுத்துப் பகுதி வளையமாக வீங்கி, ஒன்றில் நீளவாக்கில் கீறல்.

நடந்தது இதுதான். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிளும் லீ-என்ஃபீல்டு என்ற பட்டாள ரைபிளின் அமைப்பில் செய்ததே. அதனால் பட்டாளத்து .303 ரைபிளின் மரத்தைக் குறைத்து மெருகேற்றினால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் .315 தோட்டா 8×50 மன்லிஷர் வழி வந்தது: கூட்டின் நீளம் சுமார் 50 மி.மீ., அடிப்பக்க விட்டம் சுமார் 12.5, குண்டு சுமார் 8.2. .303 தோட்டாவின் கூடு 56.4 மி.மீ. நீளம், அடிப்பக்கம் 11.7, குண்டு 7.9. யாரோ .303 சேம்பரை ரீமரால் (துளையைக் குடையும் கருவியால்) அகலப்படுத்தி .315 தோட்டா நுழையும்படி செய்துவிட்டார்கள். பேரலை மாற்றவில்லை. 8.2 மி.மீ. குண்டு 7.9 மி.மீ. குழலுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டது. போல்ட் பூட்டுவது சேம்பரைப் பற்றி மட்டும் சொல்லும், குழலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பேரலில் குத்தியிருக்கும் எண்ணை யாரும் எப்போதும் குத்தலாம்.

எனவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

குழலுக்கு மென்மையான ஈயம் போதும். குளச்சல், முட்டம் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு உதவும். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும், விழாவிட்டால் கலப்பு ஈயம், வேண்டாம். குழலைவிடச் சற்றுப் பெரிய கட்டியாகத் தட்டி, லேசாக எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து மெதுவாகத் தட்டி மறுபக்கம் எடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லீ-என்ஃபீல்டு பேரலில் பெரும்பாலும் 5 வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழற்றும் திருகுப் பள்ளங்கள்). ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடுதான் வரும். வெர்னியரில் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதற்கென்றே உள்ள வி-தாங்கி மைக்ரோமீட்டர் நாகர்கோவிலில் நல்ல லேத் பட்டறை ஏதாவதொன்றில் இருக்கலாம். ஈயக்கட்டியை மட்டும் கொண்டுபோங்கள். ரைபிளை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும்.

சேம்பருக்கு வார்ப்பு எடுக்க வேண்டும். செரோசேஃப் என்ற உலோகக் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணமே போதும். அதில் காட்மியம் இருப்பதால் நேரடித் தீயில் காய்ச்ச வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சேம்பரைத் துடைத்து, அதன் முனைக்கு விரற்கடை தள்ளிக் குழலைத் துணியால் இறுக அடைத்து, வாய் கீழாக நிறுத்தி ஊற்றுங்கள். சேம்பர் நிறைந்ததும் நிறுத்துங்கள். மேலே வழிந்தால் வார்ப்பு மாட்டிக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் சுருங்கும் என்பதால் அதற்குள் கம்பியால் தள்ளி எடுத்துவிட வேண்டும். சரியாக 1 மணி நேரத்தில் சேம்பரின் உண்மை அளவுக்குத் திரும்பும். அளவை அப்போது எடுக்கவும், மறுநாள் அல்ல, ஏனென்றால் மேலும் விரிந்துகொண்டே போகும். பழையவர்கள் கந்தகத்தில் வார்ப்பார்கள். ரப்பர் இலை நோய்க்குத் தூவும் கந்தகப் பொடியை அதற்கு எடுக்காதீர்கள், டால்க் கலந்திருக்கும்.

இந்த ரைபிளின் வார்ப்பில் 50 மி.மீ.யில் ஒரு படி. அதைத் தாண்டி 56 மி.மீ. வரை பழைய .303 கழுத்து அப்படியே. கூடுகளின் கழுத்தில் வீக்கம் வந்த இடத்தில் பழைய .303 தோளின் (கழுத்தாகக் குறுகும் சரிவின்) மிச்சம். ஒற்றை வார்ப்பில் முழு மோசடியும் தெரிந்துவிட்டது.

வேறு உருவங்களிலும் இது வரும். போல்ட் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் 2ஏ அல்லது 2ஏ1 என்று இருந்து, மேகசின் சதுரப் பெட்டியாக இருந்தால் அது 7.62 மி.மீ. பட்டாள ரைபிள். குழலில் வரியே இல்லாமல், மேகசின் இடத்தில் மரக்கட்டை அடைத்திருந்தால் காவலர்களுக்காக மாற்றிய .410 மஸ்கட், அதன் தோட்டா .303 கூட்டிலிருந்து பிறந்தது, கடையில் கிடைக்கும் .410 ஷாட்கன் தோட்டா அல்ல.

சட்டப் பக்கம் இன்னும் கனமானது. .303, 7.62 பட்டாளத் தோட்டாக்களை ஏற்றுச் சுடக்கூடிய ரைபிளும், .410 மஸ்கட்டும் தடைசெய்யப்பட்ட வகை. மேலே சொன்ன ரைபிளின் சேம்பரில் .303 தோட்டாவும் முழுதாக உட்காரும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருப்பதற்குத் தண்டனை 7 ஆண்டிலிருந்து 14 ஆண்டு வரை. சரிபார்க்கவென்று .303 தோட்டா தேடிப் போகாதீர்கள், அதை வைத்திருப்பதே குற்றம், வார்ப்பு போதும்.

சந்தேகம் வந்தவுடன் சுடுவதை நிறுத்துங்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, துப்பாக்கியை ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்து, உடல், போல்ட் இரண்டின் எண்களும் எழுதிய ரசீது வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும்போதும் இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். பில், வார்ப்பு, ஈயக்கட்டி, வீங்கிய கூடுகள் எதையும் எறிய வேண்டாம். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு.