கொலனோஸ்கொப்பியா, மலப் பரிசோதனையா?

உப்புவெளியில் இருக்கும் தம்பிக்குப் பெருங்குடல் அழற்சி வந்து ஒன்பது வருடம். இப்போது இரத்தமும் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. "மலத்தில் கல்ப்ரொடெக்டின் என்ற புரதத்தைப் பார்த்தால் போதாதா அண்ணா? கொலனோஸ்கொப்பி வேணுமா?" என்று கேட்கிறான். அவனைப் போல் யோசிப்பவர்களுக்காக இது.

எதைக் காட்டும்?
கல்ப்ரொடெக்டின்: குடலில் இப்போது அழற்சி இருக்கிறதா என்பதை.
கொலனோஸ்கொப்பி (கமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது): குடல் சுவரையே. சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கும் எடுக்கலாம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீண்ட காலம் அழன்ற குடலில் புற்று வரும் ஆபத்துக் கூடும். வழமையான குடல் புற்றில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற கட்டி அடக்கும் மரபணு. அந்த மாற்றம் பொலிப்பாக, அதாவது சிறு சதை முளையாக, எழும்பித் தெரியும். வருடக்கணக்காக அழன்ற குடலிலோ பி53 என்ற இன்னொரு கட்டி அடக்கும் மரபணு முந்திக் கெடுகிறது, ஏபிசி பிந்தித்தான். மாற்றமும் பல நேரம் தட்டையாகவே படர்கிறது. நீலச் சாயம் தெளித்துப் பார்த்தால் அதன் ஓரம் தெளிவாகும். குடல் அமைதியாக இருந்தாலும் அப்படி மாறிய கலங்கள் அங்கே இருக்கலாம். கல்ப்ரொடெக்டின் அதைச் சொல்லாது.

சிரமம்?
கல்ப்ரொடெக்டின்: சிறு போத்தலில் மலம் கொடுத்தால் சரி.
கொலனோஸ்கொப்பி: பேதி மருந்து, தூக்கமில்லாத இரவு, மயக்க மருந்து தந்தால் வீடு கூட்டிவர ஓர் ஆள்.

எப்போது?
கல்ப்ரொடெக்டின்: சில மாதங்களுக்கு ஒருமுறை. புற்றுக் கண்காணிப்புக்கான கொலனோஸ்கொப்பி: முதல் தடவை நோய் தொடங்கி 8 வருடமளவில். அப்புறம் ஆபத்தைப் பொறுத்து 1 முதல் 5 வருட இடைவெளியில்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனை நல்லது. நோய் நேர்குடலில் மட்டும் என்றால் புற்றுக் கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. தம்பிக்கு அது இடப்பக்கம் முழுக்கப் பரவியிருக்கிறது. அவனுக்குக் கொலனோஸ்கொப்பிதான், அடுத்த கிளினிக்கில் திகதி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.