ஓதம் பார்த்து அழைத்துச் செல்லும் பறவைப் பயணம்: செபராங் பிறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து சிறு குழுக்களை வேனில் அழைத்துச் செல்லும் இந்த ஒருநாள் பயணத்தில் சேற்றுக் கடற்கரை, சதுப்புக் காடு, நெல்வயல் ஆகிய மூன்றையும் பார்க்கலாம். இதன் உண்மையான மதிப்பு, கடல் ஓதத்தை (கடல்நீர் ஏறி இறங்குவதை) கணக்கிட்டு நேரம் வகுக்கும் வழிகாட்டியிடம் இருக்கிறது.

தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரையிலான கடற்கரை, வலசை வரும் கரைப்பறவைகளுக்கு முக்கியமான இரைநிலம். நீர் வற்றியிருக்கும்போது அவை வெகுதொலைவில் சேற்றில் சிதறி மேய்வதால், ஸ்கோப் எனும் தொலைநோக்கியில் பார்த்தாலும் புள்ளிகளாகவே தெரியும். முன்பு வேறொரு நிறுவனம் அத்தகைய நேரத்தில் எங்களை அங்கே நிறுத்தியதால், ஒரு பறவையையும் இனம் காண முடியவில்லை. இம்முறை வழிகாட்டி ஓத அட்டவணையைப் பார்த்தே நாளைத் தேர்ந்தெடுத்து, நீர் ஏறத் தொடங்கும் முன்பே எங்களைக் கரையில் நிறுத்தினார். சேறு மெல்ல மூழ்க மூழ்க, கோட்டான்களும் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) பட்டைவால் மூக்கன்களும் கூட்டங்கூட்டமாகக் கரையை நெருங்கின. சாதாரணப் பச்சைக்கால் உள்ளானின் நீண்ட கால்களையும் மெல்லிய அலகையும் முதலில் மனத்தில் பதிய வைத்த பிறகுதான், குட்டையான மஞ்சள் நிறக் கால்களும் அடி தடித்த அலகும் கொண்ட நார்ட்மன் உள்ளானை நாங்களே தேடிக் கண்டுபிடிக்க விட்டார். ரஷ்யாவின் தூரகிழக்கில் இனப்பெருக்கம் செய்யும், அழியும் அபாயத்தில் உள்ள அப்பறவையைப் பிறர் சுட்டிக் காட்டாமல் நம் கண்ணாலேயே பிரித்தறிவது பெரும் பேறு.

ஆயர் ஈத்தாம் டாலாம் காட்டின் மரப்பாலத்தில் நடந்தபோது, அலையாத்திப் பிட்டா என்ற பறவையின் குரல் மிக அருகில் கேட்டது. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்யும்படி சிலர் கேட்டனர். தன் எல்லைக்குள் போட்டிப் பறவை நுழைந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டு அலைக்கழியும் என்று விளக்கி, வழிகாட்டி மறுத்துவிட்டார். பிட்டா கண்ணில் படவில்லை. ஆயினும் இந்த மறுப்பை நான் இச்சேவையின் சிறப்புகளில் ஒன்றாகவே கருதுகிறேன். பெரிய அலகு மீன்கொத்தியும், தலைக்கு மேல் வட்டமிட்ட செம்பருந்துகளும் நன்றாகவே தெரிந்தன.

மாலையில் நெல்வயலில் அதிக நேரம் செலவிடவில்லை. உழவு இயந்திரத்தைப் பின்தொடர்ந்த உண்ணிக்கொக்குகளையும், வயலைக் கெடுக்கும் நத்தைகளைத் தின்னும் நத்தைக்குத்தி நாரைகளையும் வேனில் இருந்தபடியே பார்த்தோம்.

குறைகளும் உண்டு. முழுக் குழுவுக்கும் ஒரே ஸ்கோப்தான் என்பதால், பறவைகள் மிக அருகில் வந்த அருமையான நேரத்திலும் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடற்கரையில் நிழலே இல்லை. முதியவர்களை அழைத்துச் செல்வோர் குடையும் மடக்கு நாற்காலியும் கொண்டு செல்வது நல்லது. சொந்த பைனாகுலர் கட்டாயம் வேண்டும். கரைப்பறவைகளுக்காகச் செல்வோர் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் முன்பதிவு செய்யுங்கள். அந்நாளின் ஓத நேரத்தையும் அப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.