சி டிரைவ் சிவந்துவிட்டதா? துடைப்பதா, வாங்குவதா?

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுபவர்களுக்கு சி டிரைவ் நிரம்பி, விண்டோஸில் அதன் பட்டை சிவப்பாகும் இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். பையர் கேட்ட கலரை மாற்றிக்கொண்டிருக்கும்போதே, ஸ்கிராட்ச் டிஸ்க் (வேலை நடக்கும்போது போட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் இடம்) நிறைந்துவிட்டது என்று போட்டோஷாப் நின்றுவிடும். 500 எம்பி ஃபைல்தானே என்று நினைப்போம். வேலை நடக்கும்போது அது பல மடங்கு இடத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி (சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) நிரம்ப நிரம்ப எழுதும் வேகமும் குறையும். அதனால் 15, 20 சதவீதமாவது காலியாக இருப்பது நல்லது.

செலவில்லாத வழி, துடைப்பது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் தற்காலிக ஃபைல்களை அழிக்கலாம். ஹைபர்னேட்டை (திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைக்கும் வசதி) நிறுத்தினால் 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் சில ஜிபி கிடைக்கும். ஆனால் அந்தத் தற்காலிக ஃபைல் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும், கவனிங்க. பார்ட்டி அனுப்பிய ஆர்ட்வொர்க் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்! எப்படித் துடைத்தாலும் அடுத்த சீசனில் மறுபடி சிவக்கும்.

டி டிரைவ் காலியாக இருக்கிறதே, அதை சி-யோடு சேர்த்தால்? 256 ஜிபி எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யை நீட்ட, அதை ஒட்டி வலப்பக்கம் ஒதுக்கப்படாத இடம் வேண்டும். அதற்கு டி-யை அழித்தாக வேண்டும். பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

கிளவுட் என்றால் கூகுளில் இலவசம் 15 ஜிபி, அதிலும் மெயிலுக்கும் போட்டோவுக்கும் பங்கு. 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 200 ஜிபி ஏற்ற கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆகும். நடப்பு ஆர்டர்களின் ஃபைனல் ஃபைல்களுக்கு மட்டும் அது போதும்.

முடிந்த ஆர்டர்களுக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மலிவு. ஆனால் அதிலேயே ஃபைலைத் திறந்து வேலை செய்தால் பொறுமை போய்விடும். கீழே விழுந்தால் டேட்டாவும் போகும். ஒரே பிரதியாக அதை நம்ப வேண்டாம்.

என் ஓட்டு இரண்டாவது எஸ்எஸ்டிக்கு. மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (மெல்லிய எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டியே போதும். மாட்டியதும் போட்டோஷாப் பிரிஃபரன்ஸில் ஸ்கிராட்ச் டிஸ்காக அதை டிக் செய்து, சி-க்கு உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.