டீசலுக்கு ஜிஎஸ்டியா, லோடு வண்டிக்கு பேட்டரியா?

எண்ணெய் இறக்குமதிச் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே இரண்டு வழி சொல்வார்கள். பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது ஒன்று. வண்டியையே கரண்டுக்கு மாற்றுவது இன்னொன்று. திருப்பூரில் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங் என்று துணி ரோல் ஏற்றி அலையும் வாடகை வண்டிக்காரரின் கணக்கில் பார்த்தால், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

2017 ஜூலையிலேயே டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றுவிட்டது. 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் பேச்சு எழுந்து, அப்படியே அடங்கியது. டீசல் மேல் போடும் வாட் என்ற விற்பனை வரி வருமானத்தை எந்த மாநிலமும் லேசில் விடாது.

சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலரும் கோட்டை விடும் இடம் இன்புட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. சொந்த வண்டி வைத்து, வரி போட்டு பில் அடிக்கும் பனியன் கம்பெனிக்கு டீசலில் கட்டிய வரி இன்புட்டாகத் திரும்பும். ஒற்றை வண்டிக்காரர் ஜிடிஏ, அதாவது சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, அல்ல. அவர் வாங்கும் சரக்கு வாடகைக்கு ஜிஎஸ்டி விலக்கு, பதிவும் தேவையில்லை. பதிவு இல்லாதவருக்கு ஏது இன்புட்? வரி அவர் தலையிலேயே நிற்கும். மிஞ்சுவது பங்க் விலை குறைவது மட்டும். விலை குறைந்தால் ஓட்டம் கூடும். இறக்குமதி எப்படிக் குறையும்?

பேட்டரிக்கு வருவோம். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டம். டீசல் மினி லாரி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்து, லிட்டர் 92 ரூபாய் என்றால் 300 ரூபாய்க்கு மேல். பேட்டரி ஆட்டோவுக்கு, சார்ஜர் நஷ்டம் சேர்த்து, 8 யூனிட் வைக்கலாம். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 80தான். கரண்டுக்கும் இன்புட் கிடையாது, ஆனால் தொகையே சிறிது. பேட்டரிக்குள் இருக்கும் செல் சீனாவிலிருந்து வருகிறது, உண்மை. அது ஒருமுறை வாங்குவது. டீசல் தினமும் எரிவது.

கெடுவது எங்கே? 500 கிலோ வண்டியில் 25 கிலோ ரோல் 20தான் ஏற்றலாம். 28 அடுக்கினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் சரிந்து, சாயங்காலம் வண்டி வழியில் நிற்கும். 15 ஆம்ப் சாக்கெட் லூசாக இருந்தால் பிளக் பின் கருகும். தனி லைன், சரியான எர்த் வேண்டும். விசைத்தறி இலவச யூனிட்டில் ஒயர் இழுத்து சார்ஜ் போடுவது மின்வாரியத்திடம் நாமே போய் மாட்டிக்கொள்கிற வேலை.

மறுவிற்பனையில் டீசல்தான் ஜெயிக்கும். ஐந்தாறு வருடம் ஓடிய பேட்டரி வண்டிகள் இங்கே சந்தையில் இன்னும் அதிகமில்லை. அதனால் வாரண்டி முடிந்த வண்டியின் விலையைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்வது நல்லது. மிச்சமாகும் 220-ல் தினம் 100 ரூபாய் பேட்டரிக்கென்று ஒதுக்கினால், மாதம் 25 நாள் கணக்கில் ஐந்து வருடத்தில் 1.5 லட்சம் சேரும்.