சிகிச்சைக்கு முன் ஓய்வுக்கு இடம் தேடுகிறவர்கள் கவனத்துக்கு: தளி பக்கம் எங்கள் அம்மாவுக்கு நடந்தது

வீட்டில் ஒருவருக்குக் கேன்சர் என்று தெரிந்து, சிகிச்சை தொடங்குவதற்குள் எல்லாரும் சேர்ந்து நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இடம் தேடுகிறீர்களா? தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். அந்தப் பக்கம் ஃபார்ம் ஸ்டே என்ற பெயரில் நடக்கும் ஓர் இடத்தில் எங்கள் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் வேறு போர்டு மாட்டிக்கொண்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. பயாப்சி (கட்டியில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன் எல்லாம் முடிந்து, முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்று பெங்களூரில் முடிவானது. ஊர் சுற்றிவிட்டு வரச் சொன்னதே டாக்டர்தான். "கீமோ ஆரம்பிச்சா வெள்ளை அணு குறையும், சாதாரண சளி காய்ச்சல்கூட பெருசாயிடும். பேரப்பிள்ளைங்களோட எங்கயாவது போறதுன்னா இப்பவே போயிட்டு வாங்க. ஆனா நல்லா சாப்பிடணும். முட்டை, பால், பருப்பு எதையும் விடக்கூடாது, எடை குறையக்கூடாது" என்றார். கீமோ மருந்தின் அளவையே உயரமும் எடையும் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால் அந்தக் கடைசிப் பேச்சு எங்களுக்கு முக்கியம்.

ஒகேனக்கல்தான் முதலில் மனதில் வந்தது. பயாப்சி போட்ட இடம் இன்னும் ஆறாத நிலையில் அந்தக் கூட்டமும் ஈரமும் வேண்டாம் என்று விட்டோம். தளி குளிர்ச்சியான ஊர். குட்டி இங்கிலாந்து என்று சும்மாவா சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி பாறைச் சூட்டில் கிடந்து வாடுகிறவருக்கு அந்தக் காற்றே பாதி மருந்து. ஓசூரிலிருந்து பக்கம், அவசரம் என்றால் பெங்களூரும் எட்டும் தூரம்.

"சிகிச்சைக்கு முன் மனமும் உடலும் ஓய்வெடுக்க" என்று ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். போன் பண்ணினோம். ஒரு பெண் அவ்வளவு அன்பாகப் பேசினார். கீழ்த்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட், எந்நேரமும் வெந்நீர், நாங்கள் சொல்லும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் மேடம்". பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. விருந்தினரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, என்ன நோய், எந்தப் பக்கம், எந்த ஊரில் வைத்தியம், சிகிச்சை எப்போது ஆரம்பம் என்றெல்லாம் கேட்டிருந்தது. சாப்பாட்டைக் கவனமாகச் செய்வதற்கு என்று சொன்னார்கள். பூர்த்தி செய்து அனுப்பினோம். முழுப் பணம் 27,000 ரூபாயும் முன்கூட்டியே வாங்கினார்கள். அது போனது ஒரு தனி ஆளின் யுபிஐ கணக்குக்கு. ரசீது வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், கடைசிவரை தரவே இல்லை.

போய்ச் சேர்ந்தால் அறை மாடியில். கைப்பிடி ஆடுகிற இரும்புப் படி. வெந்நீர் காலையில் கொஞ்ச நேரம்தான். பக்கத்துக் கொட்டகையில் ஏதோ கம்பெனிப் பையன்கள் நடுராத்திரி தாண்டியும் ஸ்பீக்கர் போட்டு ஆடினார்கள். இதெல்லாம் வழக்கமான ஏமாற்று. இதற்காக மட்டும் என்றால் நான் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை வெள்ளை வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், கையில் ஃபைலோடு ஒருவர் வந்தார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே அம்மாவைப் பார்த்து, "இடது பக்கம்தானேம்மா?" என்றார். அம்மா ஆடிப்போய்விட்டார். கண் கலங்கி, உட்கார்ந்திருந்த கட்டிலை விட்டு எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆள் அதை வாங்கிக்கொண்டு, "எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்றார். தெரிந்தது எங்கள் படிவத்திலிருந்து. நான் அப்போதே சொன்னேன், "அம்மா, நாமதான் எழுதிக் குடுத்தோம்" என்று. ஆனால் பயந்துபோய் இருக்கிற மனசுக்கு எது காதில் ஏறும்? இவர்கள் பிடிப்பதே அந்தப் பயத்தைத்தான்.

பிறகு ஒரு மணி நேரம் பேசினார். பயாப்சி எடுத்ததே தப்பு, ஊசி பட்டதால் பரவியிருக்கும் என்றார். கீமோ போட்டால் பிழைத்தாலும் நடைப்பிணம்தான் என்றார். முட்டையும் பாலும் கட்டிக்குத் தீனி, இன்றே நிறுத்த வேண்டும் என்றார். அதற்குப் பதிலாக அவருடைய வைத்தியம் 48 நாள், ஒரு மண்டலம், 1,85,000 ரூபாய், பாதியை இன்றைக்கே கட்டினால் இடம் ஒதுக்குவார்களாம். "கீமோ தேதியைத் தள்ளிப் போடுங்க. டாக்டர்கிட்ட இதைச் சொல்ல வேணாம், அவங்களுக்குப் புடிக்காது" என்றும் சொன்னார். பயாப்சி எடுப்பதால் கேன்சர் பரவும் என்பது பொய் என்று எங்கள் டாக்டர் ஏற்கெனவே பொறுமையாக விளக்கியிருந்தார். அதே பொய்யை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் சொல்கிறார். என் தம்பி பணம் கட்ட முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினான்.

அதோடு விடவில்லை. மதியம் அம்மாவுக்கு முட்டை கேட்டு நான் சமையல்கட்டுக்குப் போனேன். சமைக்கிற அக்கா தயங்கித் தயங்கி, "அந்த ரூமுக்கு முட்ட, பாலு குடுக்கக் கூடாதுன்னு சாமி சொல்லிட்டாருங்க" என்றார். நாங்கள் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு பெரிய டம்ளரில் பச்சைச் சுரைக்காய்ச் சாற்றை அம்மாவிடம் கொடுத்துக் குடிக்க வைத்திருக்கிறார்கள். அம்மா கசக்கிறது என்று சொல்லியும், "கசந்தாத்தான் மருந்து" என்று நின்று பார்த்துக் குடிக்க வைத்தார்களாம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் சுரைக்காய் நறுக்கும்போது முனையில் ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் அந்தக் காயைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். சுரை, வெள்ளரி, பீர்க்கு வகைகளில் குக்கர்பிட்டசின் என்று ஒரு நச்சுப் பொருள் உண்டு. அது கூடினால்தான் கசப்பு. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்தால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் சரிவது வரை போகலாம். சாறு கசந்தால் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே எச்சரித்திருக்கிறது. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது, வைத்தியம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தெரியாதா?

சாயங்காலத்துக்குள் அம்மாவுக்கு வாந்தி தொடங்கியது. அப்புறம் வயிற்றுப்போக்கு. இருட்டுவதற்குள் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. காரை எடுக்கப் போனால் கேட் பூட்டு. "யானை நடமாட்டம் இருக்கு, காலைலதான் தொறப்போம்" என்றார்கள். அந்தக் காட்டோரத்தில் யானை வருவது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வண்டி அதே கேட் வழியாக அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போய் வந்தது. தம்பி 108-க்கு அடித்து, ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்ற பிறகுதான் சாவி வெளியே வந்தது. தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன குடிச்சாங்க?" என்பதுதான். அந்த இரவு ட்ரிப் ஏற்றி, ரத்த அழுத்தம் பார்த்துப் பார்த்து அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பெங்களூரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது, கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. அவை பழைய நிலைக்கு வராமல் கீமோ போட முடியாது என்று தேதி தள்ளிப்போனது. எடையும் குறைந்திருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் அம்மாவின் மனசில். "நடைப்பிணம்னு சொன்னாரே பாப்பா" என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். தைரியமாகச் சிகிச்சைக்குக் கிளம்பிய மனுஷி. ஓய்வுக்குப் போய் இந்தப் பயத்தை வாங்கிக்கொண்டு வந்தோமே என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கள் தெருவிலேயே இதே சிகிச்சையை முடித்து, இப்போது மாந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் தினமும் வந்து உட்கார்ந்து பேசித்தான் அம்மா திரும்ப வழிக்கு வந்தார்.

இதைச் சித்த மருத்துவத்துக்கு எதிராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தோம். "பதிவு பெற்ற எந்தச் சித்த மருத்துவரும் கீமோவை நிறுத்துன்னு சொல்ல மாட்டாங்க, எங்க மருந்து எதைச் சாப்பிட்டாலும் கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிடணும்" என்றார். டாக்டரிடம் சொல்லாதே என்று எவன் சொல்கிறானோ, அவன் வைத்தியன் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நீங்களாத்தான் பாதியில கிளம்புனீங்க" என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். கேன்சரைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருட மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அவர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தோடு மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் மனு கொடுத்தோம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தோம். இப்போது நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள். தங்குகிற இடத்துக்குத் தெரிய வேண்டியது என்ன சாப்பாடு, எந்தத் தளம், என்ன டாய்லெட், அவ்வளவுதான். நோயின் பெயரும் கீமோ தேதியும் அவர்களுக்கு எதற்கு? தனி ஆள் கணக்குக்குப் பணம் கேட்டால், ரசீது தராமல் இழுத்தால், அங்கேயே நிறுத்துங்கள். ராத்திரி அவசரம் என்றால் கேட்டை யார் திறப்பார்கள், பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று போகும் முன்பே கேட்டு வையுங்கள். தெரிந்தவர் தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது. தேதி தள்ளிப்போன அந்த இடைவெளியில் பாலக்கோடு பக்கம் சித்தி வீட்டில்தான் அம்மா களியும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டுத் தேறினார். இப்போது கீமோ நடக்கிறது, நன்றாகத் தாங்குகிறார்.

அதே படிவம், அதே கேள்விகளோடு, போன வாரம் வேறு பெயரில் ஒரு விளம்பரத்தில் வந்ததை என் தோழி எனக்கு அனுப்பினாள். உங்களுக்கும் வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், போன் பதிவு எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். அடுத்த விசாரணைக்கு முன்னால் சேர்ந்து கொடுத்தால் வழக்கு வலுவாகும்.