ஜாவா வெப் ஸ்டார்ட்டும் சொந்த லாகின் பக்கமும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பிரவுசரில் லாகின் செய்து, ஒரு லிங்க்கை அழுத்தினால் டெஸ்க்டாப் மென்பொருள் திறந்துவிடும். ஜாவா வெப் ஸ்டார்ட்டின் அருமை அதுதான். நாமே எழுதிய லாகின் ஃபில்டர் (ஒவ்வொரு கோரிக்கையிலும் லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் சர்வர் நிரல்) நடுவில் வந்ததும் மோதல் தொடங்குகிறது.

லிங்க்கை அழுத்தியதும் ஜேஎன்எல்பி ஃபைலை (மென்பொருளை எங்கிருந்து, எப்படித் தொடங்குவது என்று சொல்லும் எக்ஸ்எம்எல் ஃபைல்) முதலில் இறக்குவது பிரவுசர். அடுத்து லாஞ்சர் (பயனரின் கணினியில் உள்ள வெப் ஸ்டார்ட் நிரல்), ஃபைலுக்குள் ஹெச்ரெஃப் என்று குறித்திருக்கும் அந்த ஃபைலின் சொந்த முகவரிக்குத் தானே போய் அதை மறுபடி கேட்கும். பிறகு மென்பொருளின் நிரல் அடங்கிய ஜிப் பொதிகளான ஜார் ஃபைல்களைக் கேட்கும். லாகின் ஆனதற்கு அடையாளமான பிரவுசரின் செஷன் குக்கி லாஞ்சரிடம் இல்லை. ஃபில்டர் 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்ப, 200 (வெற்றி) என்ற பதிலோடு எச்டிஎம்எல் வந்து சேரும். அதை ஜேஎன்எல்பி என்று படித்தால் எக்ஸ்எம்எல் பிழை, ஜார் என்று திறந்தால் ஜிப் பிழை. பிழைச் செய்தியில் லாகின் பற்றி ஒரு சொல் இராது. அதனால்தான் பலர் ஜார் கையொப்பத்தைச் சந்தேகித்து நாள்களைத் தொலைக்கிறார்கள். சர்வரின் அக்சஸ் லாகைப் பாருங்கள்: ஒரே ஜேஎன்எல்பிக்கு இரண்டு கோரிக்கைகள் வந்திருக்கும், இரண்டாவதன் யூசர் ஏஜென்டில் (கேட்ட நிரலின் பெயர்) ஜாவா என்று இருக்கும்.

பேசிக் ஆத் (எச்டிடிபியிலேயே உள்ள கடவுச்சொல் முறை) என்றால் இந்தக் குழப்பம் இல்லை. 401 (லாகின் தேவை) வந்ததும் லாஞ்சர் தன் சொந்தப் பெட்டியைக் காட்டும். பயனர் இரண்டு முறை கடவுச்சொல் இடவேண்டும், அவ்வளவுதான்.

செஷன் ஐடியை முகவரியிலேயே ஒட்டி அனுப்புவது பலர் பிடிக்கும் குறுக்குவழி. வேலை செய்யும், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். லாஞ்சரின் கேஷ் (இறக்கியவற்றைச் சேமித்து வைக்கும் இடம்), முகவரியை வைத்தே ஜாரை அடையாளம் காண்பதால், ஒவ்வொரு லாகினுக்கும் எல்லா ஜார்களும் புதிதாக இறங்கும். செஷன் ஐடியும் லாக்குகளில் பதிந்துவிடும்.

நிலைத்து நிற்கும் வழி இது: ஜார், ஐகான் ஃபைல்களை லாகின் ஃபில்டருக்கு வெளியே விடுங்கள். ஜாருக்குள் ரகசியம் எதுவும் இருக்கக்கூடாது. காவல் தரவுக் கோரிக்கைகளுக்குத்தான். லாகின் செய்தவருக்கு மட்டும் ஜேஎன்எல்பியை உருவாக்கி, ஹெச்ரெஃபை நீக்கிவிட்டு, ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கனை (லாகின் ஆனதைக் காட்டும் அடையாளக் குறியீடு), தொடங்கும்போது மென்பொருளுக்குப் போய்ச்சேரும் ஆர்குமென்டாக வையுங்கள். ஹெச்ரெஃப் இல்லாவிட்டால் மறுபடி கேட்பது நிற்கும். ஷார்ட்கட் வசதி போகும், தாங்கக்கூடிய இழப்பு.

டோக்கனில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. மென்பொருள் முதன்முதலாக சர்வரை அழைக்கும்போதுதான் அது செலவாக வேண்டும், ஃபைல் இறங்கும்போது அல்ல. ஆயுள் 60 வினாடி என்று வைத்தால், மெதுவான இணைப்பில் முதல் முறை 40 எம்பி ஜார் இறங்கி முடிவதற்குள் காலாவதியாகிவிடும். 10 நிமிடம் போதுமானது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய ஃபைலை யாராவது திறந்தால் காட்ட, மென்பொருளுக்குள்ளும் ஒரு லாகின் பெட்டி வேண்டும். ஜாருக்குள் ஜேஎன்எல்பியின் நகலை வைத்துக் கையொப்பமிடுபவர்கள், மாறும் ஆர்குமென்டுக்கு இடம்தரும் டெம்ப்ளேட் வடிவத்துக்கு மாறவேண்டும். நேர் நகல் என்றால் டோக்கன் மாறியதுமே பொருந்தாமல் போகும்.

ஜாவா 11 (2018) முதல் வெப் ஸ்டார்ட் கிடையாது. அதற்கு மாற்றான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஓப்பன் வெப் ஸ்டார்ட்டுக்கு மாறினாலும் பிரவுசர் குக்கி அதற்கும் கிடைக்காது. ஃபில்டர் விதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுபவர்கள் ஆர்எஃப்சி 8252 (2017) என்ற இணைய ஆவணம் சொல்லும் முறையை எடுக்கலாம்: மென்பொருளே லாகினுக்காகப் பிரவுசரைத் திறந்து, 127.0.0.1 (அதே கணினி) முகவரியில் பதிலைப் பெற்றுக்கொள்ளும்.

ஃபில்டரை மாற்றியபின் சோதிக்கும் கணினியில் கேஷை முழுவதும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஃபைல்கள் மிச்சமிருந்தால் சரியான மாற்றமும் தவறாகத் தெரியும்.